பருத்திக் காட்டில் பிறந்த பாட்டு

உங்கள் வீட்டில் காலேஜில் படிக்கிற பிள்ளையோ பெண்ணோ இருந்தால் இந்தச் சண்டை உங்களுக்குப் புதிதாக இராது. நீங்கள் அடுக்களையில் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று உள் அறையிலிருந்து கிதார் ஒன்று வீறிட்டு அலறும். கூடவே முரசு அதிரும். யாரோ ஓர் ஆசாமி தொண்டை கிழியக் கத்துவான்.

"என்னடா இது, பாட்டா, பஞ்சாயத்தா?" என்று நீங்கள் கேட்பீர்கள்.

"அம்மா, இது கிளாசிக்! உனக்குப் புரியாது!" என்று பதில் வரும்.

இந்தச் சண்டையில் யார் கட்சியிலும் நான் சேரப்போவதில்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். உங்கள் பிள்ளை கேட்கிற அந்தப் பாட்டு, 1960-களில் லண்டன் பையன்கள் வாசித்த 'பிரிட்டிஷ் புளூஸ் ராக்' என்கிற வகையாக இருந்தால், அதன் கொள்ளுப் பாட்டி ஒரு பருத்திக் காட்டுக்காரி. வெயிலில் குனிந்து பஞ்சு பறித்த கூலிக்காரி. நம் பெரம்பலூர்ச் சீமையில் மடி கட்டிக்கொண்டு பருத்தி எடுக்கப் போகிறார்களே, அவர்களுக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம்!

என்ன, திகைப்பாக இருக்கிறதா? கேளுங்கள்.

சேற்றில் விளையாடிய பையன்

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி என்று ஒரு மாகாணம். அந்த ஆற்றங்கரைக் கருப்பு மண்ணில் கண்ணுக்கு எட்டிய தூரம் பருத்தி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் அங்கே பாடுபட்டார்கள். 1865-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் அவர்கள் கைக்கு வரவில்லை. வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், பண்ணையாருக்குக் கடன்தான் மிச்சம்.

வேலை செய்யும்போது ஒருவர் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நம் ஊர் நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வரிசை முழுவதும் பின்பாட்டுப் பாடுகிறதே, அதே முறைதான். அந்தப் பாட்டிலிருந்தும், கோயில் பாட்டிலிருந்தும், தனியாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிய துக்கத்திலிருந்தும் உருவானதுதான் 'புளூஸ்'. ஓர் அடி பாடுவது; அதையே இன்னொரு தரம் பாடுவது; மூன்றாவது அடியில் அதற்கு ஒரு பதில் சொல்வது. இவ்வளவுதான் இலக்கணம். பாடுபவரின் துக்கத்தில் ஒரு குறும்பும் கலந்திருக்கும். ஒப்பாரி வைக்கிற நம் பாட்டிமார் நடுவில் மருமகளையும் ஒரு குத்துக் குத்துவதில்லையா? அந்த மாதிரி.

இந்த மண்ணில் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட் என்று ஒரு பையன் வளர்ந்தான். தாயில்லாப் பிள்ளை, பாட்டிதான் வளர்த்தாள். எந்நேரமும் சேற்றிலேயே விளையாடுவான் என்று அவனுக்கு 'மட்டி' என்று செல்லப் பெயர் வைத்தாள். சேற்றுப் பயல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பின்னாளில் உலகம் அவரை 'மட்டி வாட்டர்ஸ்' என்று அறிந்தது.

1941-ல் ஆலன் லோமாக்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டு அந்தப் பண்ணைக்கு வந்தார். வண்டியில் கொண்டுவந்த கருவியில் மட்டியின் பாட்டைப் பதிவு செய்து, அவருக்கே திருப்பிப் போட்டுக் காட்டினார். அதுவரை தம் குரலை மட்டி தாமே கேட்டதில்லை. 'நானும் பாட்டுக்காரன்தான்' என்ற நிச்சயம் அவருக்கு அன்றைக்குத்தான் ஏற்பட்டது. இரண்டே வருஷத்தில் பருத்தி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார்.

சிகாகோ பெரிய பட்டணம். டிராம் சத்தம், குடிக்கிற இடத்துச் சத்தம், சண்டைச் சத்தம். இதற்கு நடுவில் மரக் கிதாரை மீட்டினால் யார் காதில் விழும்? மின்சாரக் கிதாரை எடுத்தார் மட்டி. உங்கள் வீட்டு உள் அறையில் அலறுகிறதே, அந்த அலறல் அங்கே பிறந்ததுதான். ஆணவத்தால் பிறந்த சத்தம் அல்ல; நாலு பேர் காதில் விழவேண்டுமே என்று பிறந்த சத்தம்!

ரயிலடியில் இரண்டு பையன்கள்

இனி கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வாருங்கள்.

1961 அக்டோபர் மாதம் 17-ம் தேதி. லண்டனுக்குப் பக்கத்தில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையம். காலேஜ் மாணவன் ஒருவன் கக்கத்தில் சில இசைத் தட்டுகளை இடுக்கிக்கொண்டு ரயிலுக்கு நிற்கிறான். அவன் பெயர் மிக் ஜாகர். அதே வண்டிக்கு வந்தான் இன்னொரு பையன், கீத் ரிச்சர்ட்ஸ். இருவரும் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். பல வருஷமாகத் தொடர்பில்லை.

கீத்தின் கண் பழைய தோழனின் முகத்தைவிடக் கக்கத்துத் தட்டுகளின் மேல்தான் அதிகம் போயிற்று. ஒன்று சக் பெர்ரி. இன்னொன்று நம் மட்டி வாட்டர்ஸ்! அந்தத் தட்டுகள் அப்போது இங்கிலாந்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஜாகர் சிகாகோவில் இருந்த 'செஸ்' என்கிற கம்பெனிக்குப் பணம் அனுப்பித் தபாலில் வரவழைத்துக்கொண்டிருந்தான். அன்றைய ரயில் பிரயாணத்தில் பிடித்த சிநேகம் அறுபது வருஷங்களுக்கு மேலாக நீடிக்கிறது.

அடுத்த வருஷம் பிரையன் ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கோஷ்டி அமைத்தார்கள். பத்திரிகை விளம்பரத்துக்காகக் கோஷ்டியின் பெயரைக் கேட்டுத் தொலைபேசி மணி அடித்தது. பெயரே வைக்கவில்லை! பிரையன் அப்படியே தரையைப் பார்த்தார். அங்கே மட்டி வாட்டர்ஸின் இசைத் தட்டு கிடந்தது. அதில் ஒரு பாட்டின் பெயர் 'ரோலிங் ஸ்டோன்', அதாவது உருளும் கல். "அதுதான் எங்கள் பெயர்" என்று சொல்லிவிட்டார். உலகப் புகழ்பெற்ற 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டிக்குப் பெயர் சூட்டு விழா நடந்தது இப்படித்தான். பிள்ளைக்குப் பெயர் வைக்கப் பஞ்சாங்கத்தையும் நியூமராலஜியையும் புரட்டுகிறவர்கள் கவனிக்கவும்!

இதே காலத்தில் இன்னும் எத்தனையோ இளைஞர்கள் அதே பித்துப் பிடித்து அலைந்தார்கள். ஜான் மேயால் என்பவர் ஒரு குருகுலம் மாதிரியே நடத்தினார். எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன் போன்றவர்கள் அங்கே தேறி வெளியே போய்ப் பெரும் புகழ் பெற்றார்கள். 1966-ல் மேயால் வெளியிட்ட இசைத் தட்டின் அட்டைப் படத்தில் கிளாப்டன், 'பீனோ' என்கிற குழந்தைகள் வாரப் பத்திரிகையில் மூழ்கியிருப்பதைப் பார்க்கலாம். படம் பிடிக்கிறவரைப் பார்க்கக்கூட அவருக்குப் பொழுதில்லை. வாரப் பத்திரிகை படிக்கிறவர்கள் உருப்படமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் படத்தைக் காட்டுங்கள்!

சத்தமும் சங்கடமும்

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மட்டி வாட்டர்ஸ் 1958-ல் முதல் தடவையாக இங்கிலாந்துக்குப் போனார். மின்சாரக் கிதாரைப் பெரிதாக முடுக்கிவிட்டு வாசித்தார். அங்கே இருந்த பண்டிதர்களுக்கு ஒரே அதிர்ச்சி. பருத்திக் காட்டுப் பாட்டு என்றால் மரக் கிதாரோடு அமைதியாக இருக்கும் என்று நினைத்து வந்திருந்தார்கள் பாவம்!

மட்டி நல்ல மனிதர். சபை ஒப்பவில்லை என்றால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று, 1963-ல் திரும்பப் போனபோது மரக் கிதாரை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அதற்குள் சபை மாறிவிட்டது! முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள், "மின்சாரக் கிதார் எங்கே?" என்று ஏக்கத்தோடு பார்த்தார்கள். சம்பந்தி வீட்டாருக்குக் காரம் ஆகாது என்று உப்புச் சப்பில்லாமல் சமைத்து வைத்தால், அவர்கள் ஊறுகாய் கேட்ட கதைதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இசையைப் 'பழமை' என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். அதைத் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். லண்டன் பையன்கள் இரண்டாவது ரகம். அவர்கள் செய்த பெரிய நன்மையும் அதில்தான் இருக்கிறது. செய்த தவறும் அதில்தான் இருக்கிறது. தவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இரண்டு பெண்மணிகளை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

மழையில் ஒரு மங்கை

ஒருவர் சிஸ்டர் ரொஸெட்டா தார்ப். 1915-ல் அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் மாகாணத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே 'காட்டன் பிளான்ட்'. நம் பாஷையில் பருத்திச்செடி! தாயார் மாண்டலின் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மதப் பிரசங்கம் செய்தவர். பெண் குழந்தை மேடை ஏறிக் கிதாரோடு பாட ஆரம்பித்தபோது அதற்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை.

1964 மே மாதம், மாஞ்செஸ்டர் நகரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தைத் தொலைக்காட்சி நிலையத்தார் பிடித்து, அமெரிக்கத் தென்பகுதி ரயிலடி மாதிரி ஜோடித்தார்கள். ஒரு பிளாட்பாரம் மேடை. எதிர்ப் பிளாட்பாரத்தில் இளைஞர் கூட்டம். மட்டி வாட்டர்ஸும் அன்று வந்திருந்தார். ரொஸெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்கினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேறு யாராவது இருந்தால் குடை கேட்டிருப்பார்கள். இவரோ மழையைப் பற்றிய பாட்டையே முதல் பாட்டாக எடுத்துக்கொண்டார்! ஐம்பது வயதை எட்டப்போகிற ஓர் அம்மாள், நீளக் கோட்டும் மின்சாரக் கிதாருமாக நின்று வாசித்த வாசிப்பை இன்றும் திரைப்படச் சுருளிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். வீட்டில் பிள்ளைகளைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற எல்லாவற்றையும்விட அந்தச் சில நிமிஷங்கள் அதிகம் சொல்லும்.

இன்னொருவர் மெம்பிஸ் மின்னி. ஆண்களே கிதார் வாசித்த காலத்தில், ஆண்களையே போட்டியில் தோற்கடித்தவர். 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு பெருக்கெடுத்து, லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசல் இழந்தார்கள். அந்தத் துயரத்தைப் பற்றி மின்னியும் அவர் கணவர் ஜோ மெக்காயும் 1929-ல் ஒரு பாட்டை இசைத் தட்டில் பதிவு செய்தார்கள். 'வென் தி லெவீ பிரேக்ஸ்' என்பது அதன் பெயர். 'கரை உடையும்போது' என்று அர்த்தம். கணவர் பாட, மனைவியும் சேர்ந்து கிதார் வாசித்தார்.

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1971-ல், 'லெட் ஜெப்பலின்' என்கிற பிரிட்டிஷ் கோஷ்டி அதே பாட்டை எடுத்து, இடி இடிக்கிற முரசோடு வாசித்தது. உலகமெல்லாம் அது முழங்கியது. மின்னிக்கு அப்போது முதுமையும் நோயும். 1973-ல் கண்ணை மூடினார். அதே வருஷம் ரொஸெட்டா தார்ப்பும் காலமானார். இருவர் கல்லறை மீதும் வெகு காலம் ஒரு பெயர்க் கல்கூட இல்லை. மின்னிக்கு 1996-ல்தான் கல் நட்டார்கள். செலவை ஏற்றவர் பானி ரெய்ட் என்கிற இன்னொரு கிதார்ப் பெண்மணி. ரொஸெட்டாவுக்கு அதற்கும் பிறகு, அபிமானிகள் கச்சேரி வைத்துப் பணம் திரட்டி நட்டார்கள்.

பாட்டு ஊரெல்லாம் கேட்கிறது. பாடியவள் பெயர் கல்லில்கூட இல்லை.

மகள் கண்டுபிடித்த வழக்கு

இப்போது அந்தத் தவற்றுக்கு வருகிறேன்.

சிகாகோவில் வில்லி டிக்ஸன் என்று ஒரு பாட்டுக் கட்டுகிறவர். மட்டி வாட்டர்ஸுக்கும் ஹவுலின் வுல்ஃபுக்கும் எத்தனையோ பாட்டுகள் கட்டிக் கொடுத்தவர். 1962-ல் மட்டி பாடிய 'யூ நீட் லவ்' அவர் கட்டியதுதான். 1969-ல் லெட் ஜெப்பலின் கோஷ்டி 'ஹோல் லாட்டா லவ்' என்று ஒரு பாட்டை வெளியிட்டது. அமோக வெற்றி. ஆனால் தட்டில் டிக்ஸன் பெயர் இல்லை.

அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "அப்பா, இது உங்கள் பாட்டு மாதிரி இருக்கிறதே!" என்று சொன்னது யார் தெரியுமா? டிக்ஸனின் மகள் ஷர்லி. அப்போது சிறு பெண். பிள்ளைகள் கேட்கிற பாட்டைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பது நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1985-ல் டிக்ஸன் வழக்குப் போட்டார். 1987-ல் சமாதானமாக முடிந்தது. இப்போது அந்தப் பாட்டின் கீழ் டிக்ஸன் பெயரும் இருக்கிறது.

கிடைத்த பணத்தை அவர் தமக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஏமாந்துபோன மற்றப் பாட்டுக்காரர்களுக்கு உரிமையை வாங்கித் தர ஒரு தர்ம ஸ்தாபனத்தை வளர்த்தார். 1992-ல் அவர் இறந்தபின், மனைவி மாரி, சிகாகோவில் பழைய 'செஸ்' கம்பெனி இருந்த கட்டடத்தையே வாங்கி, அந்த ஸ்தாபனத்தை அங்கே குடியேற்றினார். ஜாகர் தபாலில் தட்டு வரவழைத்த அதே கம்பெனி!

லண்டன் பையன்கள் எல்லாரும் பெயரை மறைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 'கரை உடையும்போது' பாட்டில் லெட் ஜெப்பலின் கோஷ்டியே மின்னியின் பெயரைப் போட்டது. (பாடிய கணவர் பெயர் விட்டுப்போயிற்று!) 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ரோலிங் ஸ்டோன்ஸை அழைத்தபோது, "ஹவுலின் வுல்ஃபையும் மேடை ஏற்றினால்தான் வருவோம்" என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு, தங்கள் தேசத்திலேயே இப்படி ஒரு மகா பாடகர் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆக, ஒரே பாட்டு. எடுத்துப் பாடியவர்களும் ஒரே ரகம். பெயரைச் சொல்லிப் பாடியபோது அது மரியாதை. சொல்லாமல் பாடியபோது அது வழக்கு.

நமக்கு வழி காட்டிய கொழும்பு

இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டுகள் எப்படிக் காதில் விழுந்தன என்று பார்த்தால் நமக்கு நம் கதையே ஞாபகம் வரும். பி.பி.சி. ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் இசைத் தட்டுப் போடலாம் என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. ஆகவே பிள்ளைகள் ராத்திரியில் போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பாலிருந்து வந்த 'ரேடியோ லக்ஸம்பர்க்' நிலையத்தைத் தேடினார்கள்.

இங்கே என்ன நடந்தது? 1952-ல் மத்திய மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளித்தார். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப்போயிற்று. நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள்! உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ராணுவம் அங்கே நிறுவிவிட்டுப் போன சக்தி வாய்ந்த ஒலிபரப்பிகள் இருந்தன. 1950-ல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. இந்தியில் அமீன் சயானியின் குரலும், தமிழில் மயில்வாகனனாரின் குரலும் கடல் தாண்டி வீடு வீடாக வந்தன. கடைசியில் 1957-ல் ஆல் இந்தியா ரேடியோவும் 'விவித்பாரதி'யைத் தொடங்கி வழிக்கு வந்தது.

'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்ட தாய்மார்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்! ரேடியோ கடிகாரத்தைப் பார்க்காமலே, எந்தப் பாட்டுக்கு இட்லி வேகும், எந்தப் பாட்டுக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வந்தபோது வீடே போட்டி மண்டபம் ஆயிற்று. ஆங்கிலச் சேவையைத் திருப்பிய வீடுகளில் மேல்நாட்டுப் பாட்டுகளும் கொழும்பு வழியாகத்தான் வந்து இறங்கின.

நேயர் விருப்பம் என்றால் என்ன? இன்ன ஊர், இன்ன தெரு, இன்னார் விரும்பிக் கேட்ட பாட்டு என்று பத்துப் பெயர்களைப் படிப்பார்கள். ஒரு தபால் அட்டை போட்டுவிட்டு, தன் பெயர் கடல் தாண்டித் திரும்பி வரும் என்று வாரக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர். பெயர்கள் முடிந்த பிறகுதான் பாட்டு! கேட்டவருக்கும் மரியாதை, ஆக்கியவருக்கும் மரியாதை. அதனால்தான் பள்ளிக்கூடமே போகாத பாட்டிமாருக்குக்கூட எந்தப் பாட்டுக்கு யார் இசை என்பது தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்தது.

இன்று கைபேசியில் விரலைத் தட்டினால் ஆயிரம் பாட்டு வந்து குவிகிறது. அத்தையும் மருமகளும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முப்பது விநாடித் துண்டாக வருகிற அந்தப் பாட்டின் தலையில் யார் பெயராவது இருக்கிறதா, பாருங்கள்.

ஆலத்தியூரில் கேட்டது

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அரியலூர் ஜில்லாவில் செந்துறைப் பக்கம் இருக்கிற ஆலத்தியூருக்குப் போனேன். சிமெண்டு ஆலையால் பெயர் தெரிந்த ஊர். சுண்ணாம்புக் கல் லாரிகள் போன வண்ணமாக இருக்கின்றன. ஆனால் சற்று உள்ளே போனால் மக்காச்சோளம், பருத்தி, முந்திரி என்று பழைய பூமி அப்படியே இருக்கிறது.

வேப்ப மர நிழலில் உட்கார்ந்து பருத்தியில் ஒட்டியிருந்த சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் எல்லாரும் 'ஆயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"ஆயா, பருத்தி எடுக்கும்போது பாடுவீங்களா?"

"அப்பல்லாம் பாடாம எப்பிடிக் கண்ணு எடுக்கறது? இடுப்பு வலிக்குமே! இப்பத்தான் ஆளுக்கொரு செல்லு வச்சுக்கிட்டு அதைப் பாட வுட்டுர்றாளுவ."

நான் கையோடு கொண்டுபோன கைபேசியில் மெம்பிஸ் மின்னியின் பழைய பாட்டைப் போட்டேன். ஆயா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தலை தானாக ஆடியது.

"இது எழவுப் பாட்டா கண்ணு?"

"வெள்ளம் வந்து ஊரு போன பாட்டு, ஆயா."

"அதானே! குரலு கேட்டாத் தெரியல?"

பிறகு அவரே ஆரம்பித்தார். 1956 நவம்பர் 23-ம் தேதி விடிகாலையில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே கவிழ்ந்ததும், நூற்று நாற்பது பேருக்கு மேல் மாண்டதும், ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமாச் செய்ததும் சரித்திரத்தில் உள்ளவை. ஆயா சரித்திரம் படித்ததில்லை. அவர் அப்போது சின்னப் பெண். தம் தாயார் வயற்காட்டில் அந்த விபத்தைப் பாட்டாகப் பாடியது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. வெள்ளம், விபத்து என்று எது நடந்தாலும் அதைச் 'சிந்து' கட்டிக் காலணாப் புத்தகமாக அச்சடித்துச் சந்தையில் பாடி விற்பது நம் தமிழ்நாட்டுப் பழைய வழக்கம். அப்படி ஏதேனும் சந்தையில் கேட்டதோ, சொந்தமாகக் கட்டியதோ, யார் கண்டார்கள்?

நடுங்குகிற குரலில் நாலைந்து அடி பாடிக் காட்டினார். ஓர் அடியை இரண்டு தரம் பாடினார். பிறகு அதற்குப் பதிலாக ஓர் அடி. எனக்கு மயிர்க் கூச்செறிந்தது.

"இதை யாரு கட்டினது, ஆயா?"

"எங்கம்மா பாடும்."

"அவங்க பேரு?"

ஆயா சிரித்துவிட்டார். "அது பேரை எதுக்குக் கண்ணு கேக்கறே? செத்து நாப்பது வருஷம் ஆவுது. கடைசியா யாரு கேட்டாங்கன்னுகூட நெனப்பு இல்ல."

ஆனால் சொன்னார். அது அவர்கள் குடும்பத்துச் சொத்து. இந்தப் பத்திரிகையில் போட எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் நின்ற பேத்தி, பத்தாவது படிக்கிற பெண், தன் கைபேசியில் பாட்டி பாடியதைப் பதிவு செய்துகொண்டது. பதிவுக்கு என்ன பெயர் கொடுக்கலாம் என்று யோசித்து, கொள்ளுப் பாட்டியின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டது. லோமாக்ஸ் வண்டி நிறையக் கருவி ஏற்றிக்கொண்டு வந்து செய்த காரியத்தை, அந்தப் பெண் ஒரு விரலால் செய்து முடித்துவிட்டாள்!

வீட்டில் செய்யக்கூடியது

1972-ல் லெட் ஜெப்பலின் கோஷ்டியின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, நம் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து தங்கள் பாட்டுகள் இரண்டைப் பதிவு செய்து பார்த்தார்கள். பாட்டு எல்லாத் திசையிலும் போகும், எல்லாத் திசையிலிருந்தும் வரும். அதைத் தடுக்க யாராலும் ஆகாது, தடுக்கவும் வேண்டாம். மட்டியின் தட்டு கடல் தாண்டாதிருந்தால், லண்டன் பையன்கள் கைக்கு எட்டாதிருந்தால், இன்று உங்கள் வீட்டு உள் அறைக்கு அவர் பெயர் வந்திருக்கப் போவதில்லை.

ஆகவே சகோதரிகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சமரசம் செய்துகொள்ளுங்கள். பிள்ளையை உள் அறையிலிருந்து கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். அவனுக்கு ஒரு பாட்டு, உங்களுக்கு ஒரு பாட்டு என்று முறை வைத்துப் போடச் சொல்லுங்கள். அவன் 'கரை உடையும்போது' பாட்டை 1971-ல் வந்தபடி போட்டால், 1929-ல் வந்ததையும் போடச் சொல்லிக் கேளுங்கள். 'ஹோல் லாட்டா லவ்' போட்டால், மட்டி வாட்டர்ஸின் 'யூ நீட் லவ்' எங்கே என்று கேளுங்கள். அவன் வாய் பிளந்து நிற்பதைப் பார்க்க உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும்! பெண் குரல் வேண்டும் என்றால், கிறிஸ்டின் பெர்ஃபெக்ட் என்கிற ஆங்கிலப் பெண்மணி 1969-ல் 'சிக்கன் ஷாக்' கோஷ்டியோடு பாடிய 'ஐட் ராதர் கோ பிளைண்ட்' இருக்கிறது. அதை முதலில் பாடியவர் அமெரிக்காவின் எட்டா ஜேம்ஸ். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, எது உயர்த்தி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அந்தக் கச்சேரி முடிந்ததும், வீட்டில் மாமியாரோ பாட்டியோ இருந்தால் அவர்கள் பக்கம் திரும்புங்கள். தாலாட்டோ, நலங்குப் பாட்டோ, நடவுப் பாட்டோ, ஏதாவது ஒன்று அவர்களிடம் இருக்கும். முதலில் 'எனக்கு என்ன தெரியும்' என்பார்கள். விடாதீர்கள். ஒரு காப்பி கலந்து கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பாடியதும் யாரிடம் கற்றுக்கொண்டது என்று கேளுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். கேட்டதைப் பால் கணக்கு எழுதுகிற நோட்டிலாவது எழுதி வையுங்கள்.